நிக்கோடிமஸ், கான்சஸ்: ரயில் வராததால் செத்த ஊரா?

#1 பனங்கிழங்கு

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி), நிக்கோடிமஸ் என்று ஒரு சிற்றூர். அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் கென்டக்கியிலிருந்து வந்து உண்டாக்கியது. பத்தே வருடத்தில் இரண்டு பத்திரிகை, ஹோட்டல், வங்கி, பேஸ்பால் அணி என்று வளர்ந்ததாம். 1888இல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் போனதாம். ஊர் படுத்துவிட்டதாம்.

எங்கே படித்தாலும் இதே நாலு வரிதான். கதை இவ்வளவு மொழுக்கென்று இருந்தாலே எனக்குச் சந்தேகம் வரும். ரயில் மட்டும்தானா காரணம்? அதற்கு முன்னால் அந்தப் பத்து வருடத்தில் என்னதான் நடந்தது?

#2 தொடரி

இதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை, ரயில்தான். அந்தக் காலத்துப் புல்வெளி ஊர்களின் கணக்கு எளிமையானது. விவசாயி குதிரை வண்டியில் தானியத்தை ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால்தான் ஏழெட்டு மைலுக்கு ஒரு ஸ்டேஷன், ஸ்டேஷனுக்கு ஒரு தானியக் கிடங்கு, கிடங்கைச் சுற்றி ஒரு ஊர். ஸ்டேஷன் இல்லாத ஊரில் கடை வைத்திருப்பவன் எத்தனை நாள் தாங்குவான்?

நிக்கோடிமஸ்காரர்களுக்கும் இது தெரிந்தே இருந்தது. 1887இல் மிசௌரி பசிபிக் கம்பெனியின் ரயிலை ஊருக்கு இழுக்க, 16,000 டாலர் கடன்பத்திரத்துக்கு, அதாவது அந்தப் பணத்தைக் கடனாகத் திரட்டிக் கொடுக்க, ஓட்டுப் போட்டார்கள். அந்த ரயில் வரவில்லை. வந்தது யூனியன் பசிபிக், அதுவும் சாலமன் ஆற்றுக்குத் தென்புறமாக, சில மைல் தள்ளி. ரயில் கம்பெனியின் கூடாரம் இருந்த இடம் போக் என்ற ஊர் ஆனது. நிக்கோடிமஸ் வியாபாரிகள் கடையைக் கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்விட்டார்கள். அவ்வளவுதான் கதை.

#3 கான்சஸ்காரன்

தொடரி சொன்ன தகவலில் தப்பில்லை. ஆனால் "அவ்வளவுதான் கதை" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் விச்சிட்டாவில் இருக்கிறேன். போன ஜூலையில் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் 1877 என்ற ஆண்டைக் கவனியுங்கள். உள்நாட்டுப் போர் முடிந்த பிறகு தென் மாநிலங்களில் நிறுத்தியிருந்த கூட்டாட்சி ராணுவத்தின் பாதுகாப்பு விலகியது அந்த வருடம்தான். அடிமைத்தனம் சட்டத்தில் ஒழிந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் நிலம் பழைய எஜமானர்களிடமே இருந்தது. கான்சஸில் அரசாங்க நிலம் கிடந்தது. 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி சிறு கட்டணம் கட்டி, ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் சொந்தம். போதாக்குறைக்கு, அடிமை முறைக்கு எதிராக ரத்தம் சிந்தித் தனி மாநிலமான மண் என்ற பெயர் வேறு கான்சஸுக்கு இருந்தது.

1877 ஏப்ரலில் ஏழு பேர் சேர்ந்து நிக்கோடிமஸ் டவுன் கம்பெனி ஆரம்பித்தார்கள். ஆறு பேர் கறுப்பர்கள், ஒருவர் வெள்ளையர். கறுப்பினப் பாதிரியார் டபிள்யூ. எச். ஸ்மித் தலைவர். அந்த வெள்ளையர் டபிள்யூ. ஆர். ஹில், நிலத் தரகர். அவர் சொன்னது: வளமான மண், வேட்டைக்கு விலங்குகள், ஆற்றுத் தண்ணீர். அந்தக் கோடையில் டொபீகாவிலிருந்து சுமார் முப்பது பேர் வந்தார்கள். செப்டம்பரில் கென்டக்கியின் லெக்சிங்டன் பக்கமிருந்து முன்னூறு பேருக்கு மேல்.

செப்டம்பர்! விதைக்கவும் காலமில்லை, அறுக்கவும் ஒன்றுமில்லை, அடுத்து வருவது பனிக்காலம். ரயிலில் எல்லிஸ் வரை வந்து, அங்கிருந்து முப்பத்தைந்து மைல் நடை. வந்து பார்த்தால் ஊரே இல்லை. சாமான் வாங்க ஸ்டாக்டன் போக வேண்டும், இருபது மைல். சிலர் ஹில்லைத் தூக்கில் போடத் தேடினார்கள், மனிதர் ஒளிந்துகொண்டார். அறுபது குடும்பங்கள் அப்படியே திரும்பிப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

மீதிப்பேர் தரையைத் தோண்டினார்கள். மரம் கிடையாது, செங்கல் கிடையாது. மேட்டுச் சரிவில் குழி வெட்டி, மேலே கொம்புகளைப் பரப்பி, செத்தை போட்டு, அதன்மேல் புல்வேர் பின்னிய மண்பாளங்களை அடுக்கினால் வீடு. உள்ளே ஒரு அடுப்பு, வெளியே நீட்டிய ஒரு புகைபோக்கி. மழை பெய்தால் வெளியே நின்ற பிறகும் உள்ளே சேறு சொட்டிக்கொண்டிருக்கும்.

1878 வசந்தத்தில் வந்த வில்லியானா ஹிக்மன் என்ற பெண் பிற்காலத்தில் சொன்னதை அங்கே எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். எல்லிஸில் அவர்கள் கூடாரத்தில் தங்கியிருந்தபோது தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தன. அங்கிருந்து வண்டியில் இரண்டு நாள் பயணம். ஆண்கள் "அதோ நிக்கோடிமஸ்" என்று கத்த, இந்த அம்மாள் ஆவலோடு பார்க்கிறார். எங்கே ஊர் என்று கேட்கிறார். கணவர் கை காட்டிய இடத்தில் தரையிலிருந்து ஆங்காங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது. அதுதான் ஊர். நான் அழ ஆரம்பித்தேன் என்கிறார்.

மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன், வேலை வந்துவிட்டது.

#4 மேய்ச்சல்நிலம்

அருமை. தரையிலிருந்து புகை வருகிற ஊர். இதைப் படித்த பிறகு ரயிலைப் பற்றி யாருக்கு நினைப்பு வரும்?

#5 பனங்கிழங்கு

நன்றி கான்சஸ்காரரே. ஒரு சின்னக் கேள்வி: நிக்கோடிமஸ் என்றால் நம் பைபிளில் இயேசுவை ராத்திரியில் வந்து பார்க்கும் நிக்கொதேமுதானே? ஸ்மித் பாதிரியார் வைத்த பெயரா?

#6 சிலேட்டுப்பலகை

முதலில் எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள், நானும் நினைத்தேன். ஆனால் குடியேற்றத்துக்கு ஆள் சேர்க்க அச்சடித்த அறிக்கையில் இருந்த செய்யுள் வேறு ஒரு நிக்கோடிமஸைப் பேசுகிறது. ஆப்பிரிக்காவில் பிறந்து, பொன் கொடுத்து வாங்கப்பட்ட ஒரு அடிமை. அவன் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிக்கொண்ட அரசகுமாரன் என்று ஒரு கர்ணபரம்பரைக் கதையும் உண்டு. பைபிள் பெயர் அடிமைக் கதைக்குள் போய், அங்கிருந்து ஊருக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

துண்டறிக்கை என்றதும் ஞாபகம் வருகிறது. லெக்சிங்டனில் 1877 ஜூலையில் அச்சடித்த ஒன்றின் படம் பார்த்திருக்கிறேன். கான்சஸ் போக விரும்பும் கறுப்பின மக்கள் எல்லோரும் செப்டம்பர் 5 அன்று 5 டாலரில் போகலாம் என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே பொடி எழுத்தில் தீர்மானங்கள். சங்கத்தில் சேரச் சந்தா ஒரு டாலர். அதையும் மொத்தமாகக் கட்ட வேண்டாம், செப்டம்பர் முதல் தேதிக்குள் 25 சென்ட் வீதம் தவணையில் கட்டலாம்.

ஒரு டாலரை நாலு தவணையாகக் கட்டியவர்கள்தான் புது ஊர் கட்டக் கிளம்பினார்கள். எனக்கு அந்தத் தாளில் கண்ணில் பட்டு நின்றது அந்த 25 சென்ட்தான்.

#7 தொடரி

சரி, வறுமை, ஏமாற்று, பனிக்காலம், எல்லாம் உண்மை. ஆனால் இவையெல்லாம் 1877-78 கதை. ஊர் அதைத் தாண்டி எழுந்து நின்றது அல்லவா? எழுந்து நின்ற ஊரைச் சாய்த்தது எது என்பதுதான் கேள்வி. என் பதில் மாறவில்லை.

#8 கான்சஸ்காரன்

வந்துவிட்டேன். எப்படி எழுந்து நின்றது என்பதைச் சொல்லாமல் தொடரிக்குப் பதில் சொல்ல முடியாது.

1878இல் அவர்களிடம் ஏர் கிடையாது, இழுக்க மாடும் கிடையாது. மொத்தக் குடியேற்றத்துக்கும் மூன்றே குதிரைகள். ஒருவர் கறவை மாட்டைப் பூட்டி உழுதார். மற்றவர்கள் மண்வெட்டியால் கொத்தினார்கள். புல்வெளி மண்ணைக் கொத்துவது என்றால் நம் ஊர் வயல் மண் மாதிரி நினைத்துவிடாதீர்கள். ஆயிரக்கணக்கான வருடம் புல்வேர் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தரை, கயிற்றுப்பாயை மண்வெட்டியால் வெட்டுகிற மாதிரி. அதற்கென்றே செய்த இரும்புக் கலப்பையும் இரண்டு மூன்று ஜோடி மாடும் இருந்தவர்களே திணறிய வேலை. இவர்கள் குடும்பத்துக்கு ஒன்றிரண்டு ஏக்கர் கொத்தி மக்காச்சோளம் போட்டார்கள்.

காசுக்கு? ஆண்கள் ரயில் பாதை வேலைக்கும் பண்ணை வேலைக்கும் தொலைவாகப் போனார்கள். ஊரில் இருந்தவர்கள் எருமை எலும்பு பொறுக்கி விற்றார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் தோலுக்காகச் சுட்டுத் தள்ளிய காட்டெருமைகளின் எலும்பு வெளியெங்கும் வெளுத்துக் கிடந்தது. உரத்துக்கும் சர்க்கரை ஆலைக்கும் வாங்கிக்கொண்டார்கள். அடுப்புக்கும் அதே எருமைதான், காய்ந்த சாணம். நாம் வரட்டி தட்டுவோம், அங்கே புல்வெளியே தட்டி வைத்திருந்தது.

ஊரின் முதல் குழந்தை ஹென்றி வில்லியம்ஸ் பிறந்தது 1877 அக்டோபரில், இந்த நிலைமையில்தான். பாதிரியார் ஸ்மித்தின் மகள் ஜென்னி ஃபிளெட்சர் பள்ளிக்கூடம் நடத்தினார். அவர் கணவர் ஸாக் ஃபிளெட்சர் செயின்ட் பிரான்சிஸ் ஹோட்டலைக் கட்டினார். அந்தக் கட்டிடம் இன்னும் இருக்கிறது.

எட்வின் மெக்கேப் என்ற இளைஞர் 1878இல் வந்தார், சிகாகோவில் குமாஸ்தா வேலை பார்த்தவர். 1880இல் கிரஹாம் கவுண்டி அமைந்தபோது கவுண்டி கிளார்க் ஆனார். 1882இல் கான்சஸ் மாநிலத்துக்கே தணிக்கை அதிகாரியாகத் தேர்தலில் ஜெயித்தார், 1884இல் இன்னொரு தடவை. கறுப்பர்கள் மிகச் சிறுபான்மையாக இருந்த மாநிலத்தில், மாநிலம் முழுக்க ஓட்டு வாங்கி! பிற்பாடு ஓக்லஹோமா போய் லாங்ஸ்டன் என்ற இன்னொரு கறுப்பின ஊர் உருவாகக் காரணமாக இருந்தார், அது தனிக் கதை.

1886இல் ஒரு பத்திரிகை, 1887இல் இரண்டாவது. சில நூறு பேர் வாழும் இடத்துக்கு இரண்டு பத்திரிகை எதற்கு? அந்தக் காலத்தில் புல்வெளி ஊர்ப் பத்திரிகை என்பது பாதி செய்தி, பாதி மனை விளம்பரம். வெளியூர்க்காரனை வரவழைக்கத்தான் அச்சடித்தார்கள். ஆக, அந்தக் கொண்டாட்டமான 1887ஐ நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் படிப்பேன். ரயில் வரும் என்ற நம்பிக்கையில் ஊதிய பலூனும் அதில் இருக்கிறது.

#9 மேய்ச்சல்நிலம்

ஒரு இடைச்செருகல். முதல் பனிக்காலத்தில் வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றினார்கள் என்பது அந்த ஊர்க் குடும்பங்களில் தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி. அதே ஓசேஜ் மக்கள் அதற்குச் சில வருடம் முன்புதான் கான்சஸில் இருந்த தங்கள் நிலத்தை இழந்து தெற்கே அனுப்பப்பட்டிருந்தார்கள். அதே சாலமன் ஆற்றோரத்தில் 1857இல் செயேன் மக்கள் மீது ராணுவம் படையெடுத்தது. "அரசாங்க நிலம் கிடந்தது" என்று கான்சஸ்காரர் எழுதியதற்காகச் சொல்கிறேன். கிடக்கவில்லை, காலி செய்யப்பட்டது.

#10 கான்சஸ்காரன்

ஒப்புக்கொள்கிறேன், என் வாக்கியம் தப்பு. நிலம் பறிபோனவர்கள் கொடுத்த இறைச்சியில், நிலம் மறுக்கப்பட்டவர்கள் அந்தப் பனியைத் தாண்டியிருக்கிறார்கள்.

#11 தொடரி

எல்லாம் சரி, ரயிலுக்கு வாருங்கள் ஐயா.

#12 கான்சஸ்காரன்

வருகிறேன். உங்கள் வாதம் சரியென்றால் ரயில் கிடைத்த ஊர் செழித்திருக்க வேண்டும். போக் ஊருக்கு ரயில் கிடைத்தது, நிக்கோடிமஸின் கடைகளும் கிடைத்தன. இன்று அங்கே இருநூறு பேர் கூட இல்லை. நிக்கோடிமஸ் வழியாக நாங்கள் அங்கேயும் போனோம். ஒரு தானியக் கிடங்கு, கொஞ்சம் வீடுகள். ஹில் தன் பெயரிலேயே ஹில் சிட்டி என்று மேற்கே இன்னொரு ஊர் போட்டார், அது வெள்ளையர்களுக்கு. இன்று அதுதான் கவுண்டித் தலைநகர். கவுண்டி ஆபீஸ் இருப்பதால் தாக்குப்பிடிக்கிறது.

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், ரயில் நிக்கோடிமஸுக்கு முன்கூட்டியே நாள் குறித்தது, அவ்வளவுதான். அடியில் இருந்த நோய் வேறு. நூறாவது தீர்க்கரேகைக்கு மிக அருகில் இருக்கிறது அந்த ஊர். அந்தக் கோட்டை ஒட்டித்தான் மானாவாரி விவசாயம் சூதாட்டமாக மாறுகிறது. வருடத்துக்கு 20 முதல் 24 அங்குலம் மழை, அதுவும் பெய்கிற வருடத்தில். கென்டக்கியில் அதைப்போல இரண்டு மடங்கு பெய்யும். அங்கே 160 ஏக்கர் என்றால் பெரிய மனிதன். இங்கே 160 ஏக்கரில் ஒரு குடும்பம் நிலையாகச் சாப்பிட முடியாது. சட்டம் எழுதினவர்கள் மழை பெய்கிற கிழக்கிலிருந்து கொண்டு எழுதினார்கள்.

உழுதால் பின்னாலேயே மழை வரும் என்று படித்தவர்களே பேசிக்கொண்டிருந்த காலம் அது. எண்பதுகளின் நடுவில் சில வருடம் நன்றாகப் பெய்ததும் எல்லோரும் நம்பினார்கள். பிறகு வறட்சி. 1930களில் புழுதிப்புயல். பக்கத்துக்காரன் போனால் இருப்பவன் அந்த நிலத்தை வாங்கிப் பெரிதாக்குவான். டிராக்டர் வந்ததும் பத்துக் குடும்பம் உழுததை ஒரு குடும்பம் உழும். அப்புறம் பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் ஏது, கடைக்கு ஆள் ஏது? ரயில் இருந்த ஊரும் இதே வழியில்தான் போனது, கொஞ்சம் மெதுவாக.

#13 தொடரி

போக் பற்றிச் சொன்னது யோசிக்க வைக்கிறது. முழுசாக ஏற்கவில்லை. 1888இல் ஒரு தலைமுறை வியாபாரிகளும் படித்தவர்களும் ஒரே வீச்சில் வெளியேறியதற்கு வறட்சி காரணமில்லை, ஸ்டேஷன்தான் காரணம். பணமும் ஆளும் சேர்ந்து போன பிறகு வறட்சி வருவது வேறு, இருக்கும்போது வருவது வேறு. மற்ற ஊர்களுக்குச் சுருங்க ஐம்பது வருடம் கிடைத்தது, இவர்களுக்கு ஆறு மாதம்.

#14 கான்சஸ்காரன்

இது நியாயமான பேச்சு. அந்தக் கடைசி வரியை எடுத்துக்கொள்கிறேன்.

#15 சிலேட்டுப்பலகை

ரயில் கம்பெனி இனவெறியால்தான் ஊரைத் தவிர்த்தது என்று சில இடங்களில் படித்தேன். அதற்கு ஆதாரம் ஏதாவது உண்டா?

#16 தொடரி

நான் பார்த்தவரை நேரடி ஆதாரம் என்று ஒன்றும் கண்ணில் படவில்லை. கம்பெனிகள் கடன்பத்திரத்தை வைத்து ஊர்களை ஒன்றோடொன்று ஏலத்தில் மோதவிடும், கடைசியில் தனக்கு லாபமான, தன் மனைகளை விற்கக்கூடிய இடத்தில் பாதை போடும். வெள்ளையர் ஊர்கள் டஜன் கணக்கில் இப்படி ஏமாந்திருக்கின்றன. ஆனால் பேரம் பேச யாரிடம் எவ்வளவு பலம் இருந்தது என்று கேட்டால், 25 சென்ட் தவணைக்காரர்களிடம் எவ்வளவு இருந்திருக்கும்?

#17 பனங்கிழங்கு

இழை நான் நினைத்ததைவிட எங்கோ போய்விட்டது, சந்தோஷம். கான்சஸ்காரரே, போய்ப் பார்த்ததைப் பற்றி நீங்கள் எதுவுமே எழுதவில்லையே? இப்போது அங்கே என்னதான் இருக்கிறது?

#18 கான்சஸ்காரன்

அதற்குத்தான் வருகிறேன். ஸ்டாக்டனிலிருந்து 24ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே போனால் இருபுறமும் அறுத்த கோதுமைத் தாள். வெயிலில் கண் கூசும். திடீரென்று ஒரு பலகை, அதைத் தாண்டி நாலைந்து தெரு. தெரு என்றால் புல் முளைத்த கட்டங்கள்தான். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் இருபது பேர் கூடத் தேறமாட்டார்கள். 1885இல் சுண்ணாம்புக்கல்லில் கட்டிய ஆப்பிரிக்க மெதடிஸ்ட் தேவாலயம், 1907இன் பாப்டிஸ்ட் தேவாலயம், நான் சொன்ன ஹோட்டல், 1918இன் பள்ளிக்கூடம், 1939இல் கட்டிய டவுன்ஷிப் ஹால், இந்த ஐந்து கட்டிடம்தான் 1996 முதல் தேசிய வரலாற்றுத் தலம். தபால் நிலையம் 1953லேயே மூடியாகிவிட்டது.

ஆனால் நாங்கள் போனது ஹோம்கமிங் நாளில், அதாவது வெளியூர் போனவர்கள் ஊர் திரும்பிக் கூடும் விழாவில். விடுதலை நாள் விழாவாக 1878இல் தொடங்கியது, இன்றும் ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் நடக்கிறது. டென்வர், கான்சஸ் சிட்டி, கலிபோர்னியா என்று எங்கிருந்தெல்லாமோ வந்த வண்டிகள். ஒரே குடும்பப் பெயர் அச்சடித்த சட்டையில் தாத்தாவிலிருந்து கைக்குழந்தை வரை ஒரு வரிசை. பேஸ்பால் அணி இருந்த ஊர் என்றீர்களே, பிறகு அமெரிக்கக் கால்பந்துக்கும் ஒருவரைக் கொடுத்தது. கிரீன் பே பாக்கர்ஸ் அணியில் ஆடிய வெரில் ஸ்விட்சர் இந்த ஊரில் பிறந்தவர்.

ஒரு பெரியவர் என் மகளைக் கூட்டிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே ஒரு பள்ளத்தைக் காட்டினார். புல் மூடிய சின்னத் தாழ்வு, மழைத் தண்ணீர் தேங்கிய இடம் மாதிரி. "இது எங்கள் வீடு" என்றார். அவர் பாட்டனார் தோண்டிய குழியாம். என் மகள் அதற்குள் இறங்கி நின்று பார்த்தாள், இடுப்பளவுகூட இல்லை. பக்கத்து நிலம் யாருடையது என்று கேட்டேன். இன்னும் தங்கள் குடும்பத்துடையதுதான், குத்தகைக்கு விட்டிருக்கிறோம், கோதுமை என்றார்.

#19 மேய்ச்சல்நிலம்

அடிமை விடுதலை நாள் ஜூன் 19தானே, ஜூன்டீன்த் என்பார்களே? ஜூலைக் கடைசி எப்படி?

#20 சிலேட்டுப்பலகை

ஜூன்டீன்த் முதலில் டெக்சாஸ் வழக்கம்தான். பல இடங்களில் கறுப்பின மக்கள் ஆகஸ்ட் 1ஐக் கொண்டாடிவந்தார்கள், 1834இல் பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிந்த நாள். நிக்கோடிமஸும் அதையொட்டித்தான். அதே பிரிட்டிஷ் சட்டத்துக்குப் பிறகுதான் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக நம் ஆட்களைக் கப்பலேற்றினார்கள். அதற்கு வேறு இழை திறக்க வேண்டும்.

#21 பனங்கிழங்கு

திறங்கள், நான் வருகிறேன். அப்புறம் கான்சஸ்காரரே, அடுத்த வருடம் அந்தப் பக்கம் வர வாய்ப்பு இருக்கிறது. நாள் எப்போது, என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

#22 கான்சஸ்காரன்

ஜூலைக் கடைசி வார இறுதி, வெள்ளி முதல் ஞாயிறு வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். விச்சிட்டாவிலிருந்து நாலு மணி நேரம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், அங்கே நிழலுக்கு மரம் தேட வேண்டியிருக்கும். பெட்ரோலை ஸ்டாக்டனிலேயே போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போடாமல் போய், திரும்பும்போது ஏசியை அணைத்துவிட்டு வியர்த்துக்கொண்டே ஓட்டினோம்.